மாட்டுக்கு நோய் இல்லை, ஊருக்கு நோய்: வாக்கர்டன், 2000

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சோகீன் ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர் வாக்கர்டன். 2000ஆம் ஆண்டில் அங்கே சுமார் 4,800 பேர் குடியிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடித்து சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். காரணமான கிருமிகள் இரண்டு: ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபேக்டர் ஜெஜுனி. இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது. உயிர்ச்சேதத்துக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

வாக்கர்டனைப் பற்றிப் பேசும்போது குளோரின் பதிவேட்டில் பொய்க்கணக்கு எழுதியதைத்தான் முதலில் சொல்வார்கள். அது நடந்தது உண்மை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், பொறுப்பில்லாத இரண்டு ஊழியர்களால் வந்த வினை என்று தோன்றும், மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். இந்தக் கிருமி மாட்டின் குடலில் ஒட்டும் விதமும் மனிதக் குடலில் ஒட்டும் விதமும் தெரிந்தால்தான், ஆபத்து ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பது விளங்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊரும் ஐந்தாம் கிணறும்

ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவை 5, 6, 7 என்று எண்ணிட்ட மூன்று கிணறுகள். ஐந்தாம் கிணறு 1978இல் போடப்பட்டது. ஆழம் குறைவு, நிலமட்டத்திலிருந்து 5 முதல் 8 மீட்டருக்குள் இருந்த வெடிப்பு விட்ட பாறையிலிருந்துதான் தண்ணீர் ஊறியது. மேலே மண் போர்வை மெல்லியது. பக்கத்திலேயே மாட்டுப் பண்ணை. மேற்பரப்பில் விழும் எதுவும் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே பாறை வெடிப்புக்குள் இறங்கக்கூடிய இடம். சுற்றியுள்ள நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது நல்லது என்று கிணறு போட்ட காலத்திலேயே நிபுணர் அறிக்கை சொல்லியிருந்தது. அது நடக்கவில்லை.

இப்படிப்பட்ட கிணற்றுக்கு மிச்சமிருந்த ஒரே காவல் குளோரின். தண்ணீரில் குளோரின் கலந்து 15 நிமிடம் கழிந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதமிருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் வழிகாட்டு நெறி. இங்கே கவனிக்க வேண்டியது "மீதம்" என்பதை. எவ்வளவு கலந்தோம் என்பதால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் அழுக்கு கூடினால் குளோரினை அது தின்றுவிடும், மீதம் குறையும். ஆக, மீதத்தை அளப்பது கிருமியைக் கொல்வதற்கான சோதனை மட்டுமில்லை, கிணற்றுக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எச்சரிக்கை மணியும் அதுதான்.

குடிநீர் நிறுவனத்தை நடத்திய மேலாளருக்கும் களப்பணி பார்த்த முதன்மை ஊழியருக்கும் முறையான பயிற்சி இல்லை. பழைய அனுபவத்தை வைத்தே சான்றிதழ் கிடைத்திருந்தது. தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊர் மக்கள் குறைப்பட்டுக்கொண்டதால் அளவைக் குறைத்தே கலந்தார்கள். மீதத்தைப் பெரும்பாலான நாட்களில் அளக்காமலேயே 0.5 என்றோ 0.75 என்றோ தாளில் எழுதிவைப்பது வழக்கமாகியிருந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. கிணற்றடியில் குளோரின் கலக்காத தண்ணீரை அவர்களே குடித்துக்கொண்டிருந்தார்கள். தெளிந்த, குளிர்ந்த, சுவையான தண்ணீர். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நம்பினார்கள். 1998இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆய்வாளர் வந்து, மீத குளோரின் குறைவாக இருப்பதைக் குறித்துவிட்டுப் போனார். மறுபடி யாரும் வந்து பார்க்கவில்லை.

மாட்டுக்குள்

ஏப்ரல் கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் வயலில் சாண உரம் போட்டார். எப்போதும் போடுவதுதான். ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைப்படியே போட்டார் என்றும் அவர்மேல் குற்றம் இல்லை என்றும் பின்னால் விசாரணை ஆணையமே தெளிவாகச் சொன்னது. அவருடைய மாடுகள் நன்றாக மேய்ந்தன, கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. கால்நடை மருத்துவரைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

இங்கேதான் கிருமியின் குணத்தைப் பார்க்க வேண்டும். ஓ157 மாட்டுக்குள் தீவனத்தோடோ தண்ணீரோடோ போகிறது. முதல் இரைப்பையில் வாழும் மற்ற நுண்ணுயிரிகள் விடும் வேதிச் சைகைகளை அது உணர்ந்துகொள்கிறது. அங்கே ஒட்டும் கருவிகளை உற்பத்தி செய்யாமல் அடக்கிவைத்து, அமிலத்தைத் தாங்கும் கருவிகளை முடுக்கிவிடுகிறது. அப்படியே நான்கு அறைகளையும் குடலின் முழு நீளத்தையும் தாண்டி, கடைசியில் போய் உட்காருகிறது. 2003இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டியது: ஆசனவாயை ஒட்டி மலக்குடலின் கடைசி 5 சென்டிமீட்டர். நிணநீர் முடிச்சுகள் அடர்ந்த பகுதி அது. குடலின் மற்ற இடங்களில் தேடினால் கிருமி சொற்பம். இந்தக் குறுகிய வளையத்தில் மொய்த்துக் கிடக்கும்.

இருக்கும் இடம் தெரிந்ததும் பல விஷயங்கள் விளங்கிவிட்டன. வெளியே வரும் சாணம் கடைசியாக உரசிக்கொண்டு வருவது இந்த வளையத்தைத்தான். ஆகவே கிருமி சாணத்தின் மேற்பரப்பில் கூடுதலாகப் படிகிறது. சில மாடுகள் ஒரு கிராம் சாணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளை வெளியேற்றுகின்றன. மந்தையில் அப்படிப்பட்டவை ஒன்றிரண்டு இருந்தாலே போதும், மற்றவற்றுக்கும் பரவும்.

ஆனால் மாட்டுக்கு நோய் வருவதில்லை. இந்தக் கிருமி சுரக்கும் ஷிகா நச்சு, ரத்தத்தின் வழியே போய் வேலை செய்ய வேண்டுமானால், ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஜிபி3 என்ற கொழுப்புப் பொருள் இருக்க வேண்டும். நச்சு அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. மாட்டின் குடல் ரத்தக் குழாய்களில் அது இல்லை. அதனால் வளர்ந்த மாடு மாதக்கணக்கில் கிருமியைச் சுமந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறது. சாணக் குவியலைப் பார்த்தாலும் முகர்ந்தாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. வெளியே வந்த கிருமி சாணத்திலும் மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மழை, மே 8 முதல் 12 வரை

ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதில் பாதிக்கு மேல், 70 மில்லிமீட்டர், மே 12 அன்று ஒரே நாளில் கொட்டியது. சாணத்திலிருந்த கிருமி மழைநீரோடு மண்ணில் இறங்கி, பாறை வெடிப்பு வழியாக ஐந்தாம் கிணற்றுக்குள் போனது. 12ஆம் தேதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ அது நடந்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் முடிவு. அந்த நாட்களில் ஊருக்கு முக்கியமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததும் இதே கிணறுதான்.

மே 13 முதல் 18 வரை: அளக்காத அளவு

மே 13, 14, 15. மூன்று நாளும் ஐந்தாம் கிணற்றின் தினசரித் தாளில் மீத குளோரின் 0.75 என்று எழுதியிருக்கிறது. அளந்து எழுதியதில்லை. கலந்துகொண்டிருந்த சொற்பக் குளோரினை உள்ளே வந்த அழுக்கு அப்போதே விழுங்கியிருந்தது. உண்மையில் அளந்திருந்தால் அந்தக் கட்டத்தில் சுழியத்தை ஒட்டிய எண் வந்திருக்கும். அளப்பது என்ன பெரிய வேலை? சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து வினைப்பொருளைக் கலந்தால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும்; இல்லையென்றால் வெறும் தண்ணீராகவே நிற்கும். ஒரு நாளைக்குச் சில நிமிட வேலை.

15ஆம் தேதி எடுத்த மாதிரிகளைத் தனியார் ஆய்வகம் சோதித்து, 17ஆம் தேதி மேலாளருக்குச் சொன்னது: தண்ணீரில் ஈ.கோலை இருக்கிறது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஆய்வகமும் சுகாதாரத் துறைக்கோ அமைச்சகத்துக்கோ தெரிவிக்கவில்லை. தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. 1996இல் மாகாண அரசு தன் ஆய்வகங்களை இந்தச் சேவையிலிருந்து விலக்கிக்கொண்டு வேலையைத் தனியாரிடம் விட்டபோது, கெட்ட முடிவு வந்தால் யாரிடம் சொல்வது என்பதைக் கட்டாயமாக்காமல் விட்டுவிட்டது. என் கணிப்பில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய ஓட்டை இது. பொய் எழுதும் ஆள் எந்த ஊரிலும் இருப்பார். அவரைத் தாண்டியும் செய்தி வெளியே போக ஒரு வழி வேண்டும்.

18ஆம் தேதி, ஓவன் சவுண்ட் நகர மருத்துவமனையில் வாக்கர்டனைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள் ரத்தக் கழிச்சலோடு சேர்க்கப்பட்டார்கள். ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் பலர் வரவில்லை. முதியோர் இல்லத்திலும் வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தது.

மனிதக் குடலில்

மே 12க்கும் 18க்கும் நடுவே அந்த உடல்களுக்குள் என்ன நடந்தது? ஓ157 மனிதருக்கு நோய் தர நூறு கிருமிக்கும் குறைவாக இருந்தாலே போதும். அதனால்தான் ஒரு குவளைத் தண்ணீர் ஒரு குழந்தைக்குப் போதுமானதாக இருந்தது. வயிற்று அமிலத்தைத் தாங்கிக் கடந்து அது பெருங்குடலை அடைகிறது.

பொதுவாக ஒரு கிருமி, தான் புகுந்த உடலின் செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு ஏற்பியை, அதாவது பிடிப்பிடத்தை, தேடிப் பிடித்துக்கொள்ளும். ஓ157உம் அதன் உறவுக் கிருமிகளும் அப்படிச் செய்வதில்லை. கிருமி ஊசிபோன்ற ஒரு குழாயைக் குடல் செல்லுக்குள் செலுத்தி, தானே தயாரித்த டிர் என்ற புரதத்தை உள்ளே அனுப்புகிறது. அது செல்லின் சவ்வில் பதிந்து வெளியே தலை நீட்டுகிறது. கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் இன்டிமின் என்ற இன்னொரு புரதம் அந்தத் தலையைக் கவ்விக்கொள்கிறது. ஆணி இல்லாத சுவருக்கு ஆணியையும் கையோடு கொண்டுபோய் அடித்து, அதிலேயே சட்டையை மாட்டிக்கொள்வது மாதிரி. ஓ157இன் நெருங்கிய உறவான வேறொரு ஈ.கோலையில் இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதும் கனடாக்காரர்கள்தான்: வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பிரெட் ஃபின்லேயின் ஆய்வகம், 1997இல்.

கவ்விய இடத்தில் செல்லின் மெல்லிய உறிஞ்சு மயிரிழைகள் அழிகின்றன. செல்லின் உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் திரண்டு கிருமிக்குக் கீழே ஒரு மேடையைக் கட்டுகின்றன. நுண்நோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கிருமியும் ஒரு பீடத்தின் மேல் அமர்ந்திருப்பது தெரியும். உணவுக்கூழ் எவ்வளவு ஓடினாலும் அது பெயர்ந்துபோகாது.

கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஷிகா நச்சைச் சுரக்கிறது. நச்சுதான் ரத்தத்தில் கலக்கிறது. மாட்டிடம் இல்லாத அந்த ஜிபி3 மனிதரின் சிறுநீரக வடிகட்டி நுண்குழாய்களின் உட்சுவரில் நிறைய இருக்கிறது. நச்சு அங்கே நுழைந்து செல்களின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. குழாய்கள் சேதமாகி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் திரண்டு அடைத்து, அந்த நெருக்கடியில் சிவப்பணுக்கள் கிழிகின்றன, சிறுநீரகம் நின்றுபோகிறது. மருத்துவர்கள் எச்.யூ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் நிலை இது. சிறு குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும்.

மாட்டின் கடைசி 5 சென்டிமீட்டரில் கிருமி எந்தப் புரதங்களைக் கொண்டு ஒட்டுகிறது என்பது இன்னும் சிக்கலானது. அங்கே இரண்டு விதமான செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மலக்குடல் பக்கத்துத் தூண்வடிவச் செல்களில் ஒட்டுவதற்கு மனிதக் குடலில் போலவே இன்டிமினும் டிர்ரும் வேண்டியிருக்கின்றன. ஆசனவாய்ப் பக்கத்துத் தட்டைச் செல்களிலோ, இந்தப் புரதங்களை நீக்கிய கிருமியும் ஒட்டிக்கொள்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதாவது ஒரே கிருமியிடம் வெவ்வேறு பிடிகள் இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று கைகொடுக்கிறது. இது பின்னால் தடுப்பூசி விஷயத்தில் முக்கியமாகிறது.

முடிவுகள், மே 19 முதல் 21 வரை

19ஆம் தேதி குழந்தை மருத்துவர் ஓ157 ஆக இருக்கலாம் என்று சந்தேகித்து வட்டார சுகாதார அலுவலகத்துக்குச் சொன்னார். மலப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே. நான் மிக மதிக்கும் முடிவு இது. ஒரே ஊர்க் குழந்தைகள் இருவருக்கு ஒரே நேரத்தில் ரத்தக் கழிச்சல் என்றால் உறுதிப்பாட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அலுவலகம் முதலில் உணவைத்தான் சந்தேகித்தது. அதற்கு நியாயம் உண்டு. இந்தக் கிருமி 1982இல் அமெரிக்காவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியாகத்தான். இருந்தாலும் தண்ணீரைப் பற்றியும் குடிநீர் நிறுவனத்திடம் கேட்டார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் மேலாளர். இரண்டு நாளுக்கு முந்தைய ஆய்வக முடிவைச் சொல்லாமல், குழாய்களில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளோரினை அதிகமாகக் கலந்து சரிசெய்யப் பார்த்தார். 20ஆம் தேதி மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். அன்றே ஒரு குழந்தையின் மலத்தில் ஓ157 இருப்பது தெரியவந்தது. குடிநீர் நிறுவன ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் அமைச்சகத்தின் அவசர எண்ணுக்குத் தொலைபேசி செய்து, தண்ணீர் முடிவு மோசமாக வந்திருப்பதைச் சொன்னதும் அன்றுதான்.

21ஆம் தேதி மதியம் 1.30 மணிக்கு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி சுகாதார அதிகாரி அறிவித்தார். தண்ணீரில் கிருமி இருப்பதற்கான ஆதாரம் அப்போது அவர் கையில் இல்லை. நிறுவனமோ தண்ணீர் நல்லது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. உணவு வழியாக வந்திருந்தால் நோய் இப்படி ஊர் முழுக்க, எல்லா வயதினரிடமும் விரவியிருக்காது என்ற கணிப்பை வைத்தே முடிவெடுத்தார். அன்றே தாங்களாக மாதிரிகளும் எடுத்தார்கள். 23ஆம் தேதி அவற்றில் ஈ.கோலை உறுதியானது.

அறிவித்த விதத்தில் ஒரு குறை. உள்ளூர் வானொலியோடு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஊரில் சுமார் பாதிப் பேருக்குத்தான் செய்தி எட்டியது. 4,800 பேர் உள்ள ஊரில் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்திருக்க முடியும்.

சிகிச்சை

இந்த நோயில் மருத்துவர் கையில் இருக்கும் ஆயுதம் குறைவு. நச்சை உண்டாக்கும் மரபணு, கிருமிக்குள் தூங்கும் ஒரு வைரஸோடு சேர்ந்திருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியைத் தாக்கும்போது அந்த வைரஸ் விழித்து, நச்சு இன்னும் அதிகமாக வெளியேறும். கழிச்சலை நிறுத்தும் மாத்திரைகளும் நச்சைக் குடலிலேயே தேக்கிவைக்கும். நீர்ச்சத்தைக் காத்து, சிறுநீரகத்தைக் கண்காணித்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் கொடுப்பதே வழி. 65 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 27 பேருக்கு எச்.யூ.எஸ். வந்தது; அவர்களில் பாதிப் பேர் 1 முதல் 5 வயதுக்குள். முதல் மரணம் மே 22.

என்ன ஆனது

கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணை மாடுகளின் சாணத்தில் கிடைத்த கிருமியும் நோயாளிகளிடம் கிடைத்ததும் மரபணுத் தடத்தில் பொருந்தின. குழாய் வலை முழுவதையும் சுத்தம் செய்து, கொதிக்கவைக்கும் அறிவிப்பை விலக்க டிசம்பர் 5 ஆனது. நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையிலான ஆணையம் 2002இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து மூன்று முடிவுகள்: 0.5 மீதம் காக்கப்பட்டிருந்தால் கிருமிகளில் 99 சதவீதத்துக்கு மேல் செயலிழந்திருக்கும். ஐந்தாம் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி இருந்திருந்தால் நோயே பரவியிருக்காது. கொதிக்கவைக்கும் அறிவிப்பு 19ஆம் தேதியே வந்திருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள். ஆனால் மரணங்களைத் தவிர்த்திருக்க வாய்ப்பில்லை.

அந்த மூன்றாவது முடிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மருத்துவர் சந்தேகப்பட்ட நாளிலேயே கிருமி குடலில் பீடம் கட்டி முடித்திருந்தது. நோயாளியைப் பார்த்த பிறகு தொடங்கும் எந்த நடவடிக்கையும், எவ்வளவு வேகமாக இருந்தாலும், அந்த ஏழு பேருக்குத் தாமதம்தான்.

மேலாளரும் முதன்மை ஊழியரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2004இல் தண்டனை பெற்றார்கள். ஒன்டாரியோ 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தையும், 2006இல் நீராதாரங்களைக் காக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. கெட்ட முடிவு வந்தால் ஆய்வகமே நேரடியாகச் சுகாதார அதிகாரிக்குச் சொல்வது கட்டாயமானது. நோயிலிருந்து மீண்டவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் குறைபாடும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன.

மாட்டிலேயே தடுக்கப் பார்த்தது

வான்கூவர் ஆய்வகத்தின் கண்டுபிடிப்பிலிருந்தே ஒரு தடுப்பூசி வளர்ந்தது. கிருமி குடல் செல்லுக்குள் ஊசிக்குழாய் வழியே அனுப்பும் புரதங்களை மாட்டுக்குப் போட்டு, அவற்றுக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, ஒட்டவிடாமல் செய்வது யோசனை. 2008இல் கனடா அதற்கு முழு உரிமம் வழங்கியது. ஓ157க்கு எதிரான உலகின் முதல் மாட்டுத் தடுப்பூசி. சாணத்தில் கிருமி குறைந்தது, முழுக்க ஒழியவில்லை. தட்டைச் செல்களில் வேறு பிடி இருப்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது நின்றுபோனது அறிவியலால் இல்லை. வாங்க ஆள் இல்லை. நோயே வராத மாட்டுக்குப் பண்ணைக்காரர் ஏன் பல தவணை ஊசி போட வேண்டும்? பாலோ இறைச்சியோ கூடாது, விலையும் ஏறாது. செலவு அவருடையது, பலன் ஊரில் எங்கோ இருக்கும் குழந்தைக்கு. சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுவிட்டது.

இனி மாற வேண்டியவை

இத்தகைய தடுப்பூசியைப் பண்ணைக்காரர் தலையில் கட்டாமல் பொதுச் சுகாதாரச் செலவாகக் கொள்ள வேண்டும். எல்லா மாடுகளுக்கும் போட முடியாதென்றால், குடிநீர்க் கிணறுகளின் ஊற்று எல்லைக்குள் இருக்கும் மந்தைகளிலிருந்து தொடங்கலாம். ஒன்டாரியோவில் அந்த எல்லைகள் 2006 சட்டப்படி ஏற்கெனவே வரைபடமாக இருக்கின்றன. ஆழம் குறைந்த, பாறை வெடிப்பில் ஊறும் கிணறுகளில் தொடர் குளோரின் அளவி வேண்டும். மீதம் குறைந்தால் மனிதர் யாரையும் கேட்காமல் பம்பு தானாக நிற்க வேண்டும். கனமழைக்குப் பிறகு அந்தக் கிணறுகளை நிறுத்தி, சோதித்த பின்பே திறக்க வேண்டும்.

மருத்துவமனைப் பக்கம் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். ஒரே ஊரிலிருந்து ரத்தக் கழிச்சலோடு இரண்டாவது குழந்தை வந்த மணியிலிருந்தே, மலப் பரிசோதனைக்குக் காத்திராமல், கொதிக்கவைக்கும் அறிவிப்பைக் கொடுக்கும் அதிகாரம் சுகாதார அதிகாரிக்கு எழுத்தில் இருக்க வேண்டும். தவறாக அறிவித்துவிட்டால் ஊர் இரண்டு நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும், அவ்வளவுதான்.